எஸ்எஸ்எச் சாவிகளைக் கையால் தொடாமல் நிர்வகிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு சர்வரில் டிஸ்க் நிறைந்துபோனதென்று உள்ளே நுழைந்தேன். வந்த வேலை சீக்கிரமே முடிந்தது. போகிற போக்கில், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) எந்தச் சாவிகளை உள்ளே விடும் என்ற பட்டியலான ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன். மொத்தம் 14 வரிகள். ஆறு சாவிகள் அப்போது வேலையில் இருந்தவர்களுடையவை. மூன்று, வேலையை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கும் மேலானவர்களுடையவை. இரண்டின் கடைசியில் ‘ரூட், லோக்கல்ஹோஸ்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தது. மிச்சம் மூன்றும் யாருடையவை என்று கேட்டதற்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததால் எடுக்கவும் பயம். எடுத்தால் எந்த பேக்கப் நிற்குமோ, யார் கண்டது?

புதிதாக ஒருவர் சேரும்போது சாவி போட யாரும் மறப்பதில்லை. மறந்தால் அவரே வந்து கேட்பார். போனவரின் சாவியை எடுக்க மறந்தால் கேட்க ஆளே கிடையாது. அதனால் சாவி நிர்வாகத்தைத் தானியக்கமாக்குவது என்றால் என்னைப் பொறுத்தவரை சாவியை எடுப்பதைத் தானியக்கமாக்குவதுதான். போடுவது கூடவே வரும் இலவச இணைப்பு. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

ஐந்தாறு முதல் சில நூறு வரை லினக்ஸ் சர்வர்கள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்சிபிள் (பல சர்வர்களை ஓரிடத்திலிருந்து அமைக்கும் கருவி), கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) இரண்டும் ஓரளவு பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்; டெர்மினலில் அடிக்கும்போது அசல் எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். ஒட்டி நகலெடுக்க ஒன்றும் கிடைக்காது என்பது ஒரு வகையில் நல்லதுதான். இந்த வேலையில் புரியாமல் ஒட்டிய ஒரு வரி, சர்வரை விட்டு உங்களையே வெளியே நிறுத்திவிடும்.

அடிப்படை: சர்வர் எதைப் பார்க்கிறது?

எஸ்எஸ்எச்சை 1995-இல் பின்லாந்தின் டாட்டு யுலோனன் எழுதினார். அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டதுதான் காரணம். இன்று பெரும்பாலான சர்வர்களில் ஓடுவது ஓப்பன்பிஎஸ்டி குழு 1999-இல் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எச்சின் வழித்தோன்றல். உங்கள் மடிக்கணினியில் தனிச் சாவி இருக்கும். அதன் ஜோடியான பொதுச் சாவி, சர்வரில் பயனரின் ஹோம் கோப்புறைக்குள் ‘.எஸ்எஸ்எச்’ என்ற இடத்தில் ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்பில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். வரி இருந்தால் உள்ளே விடும். அவ்வளவுதான்.

இந்த எளிமைதான் தொல்லையின் தொடக்கமும். அந்த வரிக்குக் காலாவதி கிடையாது (நாமே விதித்தால் ஒழிய). சொந்தக்காரர் யார் என்பதும் அதில் கிடையாது. கடைசியில் இருக்கும் பெயர் வெறும் குறிப்பு. அதில் என்ன எழுதியிருந்தாலும் சர்வருக்குக் கவலையில்லை. போதாக்குறைக்கு, அந்தக் கணக்குக்குள் நுழைந்த எவரும் கோப்பில் இன்னொரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஆர்வத்தில் நேராக ஆன்சிபிளுக்குப் போய்விடாதீர்கள். இப்போது எந்தச் சாவி எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் சுத்தம் செய்யத் தொடங்கினால், நள்ளிரவு பேக்கப் நின்றதை மூன்று வாரம் கழித்துத்தான் அறிவீர்கள்.

ஒவ்வொரு சர்வரிலும் எல்லாக் கணக்குகளின் ஹோம் கோப்புறையையும் பாஸ்வேர்டு கோப்பிலிருந்து எடுங்கள். ‘ஹோம்’ கோப்புறையை மட்டும் துழாவினால் போதாது. ரூட், டேட்டாபேஸ் கணக்கு, வெப் சர்வர் கணக்கு, ஜென்கின்ஸ் மாதிரியானவை எல்லாம் வேறு இடங்களில் வீடு கட்டியிருக்கும். அங்கே ஆத்தரைஸ்டு-கீஸ் மட்டுமல்ல, பெயரின் கடைசியில் 2 சேர்ந்த ஆத்தரைஸ்டு-கீஸ்2 கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய காலத்து மிச்சமான இதை ஓப்பன்எஸ்எஸ்எச் இயல்பாகவே இன்றும் படிக்கிறது. பலருக்கு இது தெரியாது. ஒளிந்திருக்க இடம் தேடுகிறவர்களுக்குத் தெரியும்.

எந்தக் கோப்பு உண்மையில் நடைமுறையில் இருக்கிறது என்பதை உள்ளமைவுக் கோப்பைப் படித்து முடிவு செய்ய வேண்டாம். எஸ்எஸ்எச்டியை (சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் நிரல்) கேபிடல் டி (‘டெஸ்ட்’டின் முதல் எழுத்து) விருப்பத்தோடு ரூட்டாக ஓட்டினால், எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட இறுதி நிலையை அதுவே சொல்லும். அதில் ஆத்தரைஸ்டு-கீஸ்-ஃபைல், ஆத்தரைஸ்டு-கீஸ்-கமாண்ட் ஆகிய வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிடைத்த ஒவ்வொரு கோப்பின் மீதும் எஸ்எஸ்எச்-கீஜென்னை சின்ன எல் விருப்பத்தோடு ஓட்டி ஃபிங்கர்பிரிண்டுகளை (சாவியை அடையாளம் காட்டும் சுருக்கக் குறி) எடுங்கள். ஒரு சாவி 20 சர்வரில் இருந்தாலும் ஃபிங்கர்பிரிண்ட் ஒன்றுதான். இப்போது லாக்குக்குப் போங்கள். டெபியன், உபுண்டுவில் ஆத்.லாக்; ரெட் ஹாட் குடும்பத்தில் செக்யூர் என்ற கோப்பு; இல்லையென்றால் ஜர்னல்-சிடிஎல். வெற்றிகரமான ஒவ்வொரு லாகினிலும் பயனர் பெயர், வந்த ஐபி முகவரி, ஷா256 ஃபிங்கர்பிரிண்ட் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். இந்த இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்த்தால், எந்தச் சாவி புழங்குகிறது, எது சும்மா கிடக்கிறது என்று வெளிச்சமாகிவிடும். லாக் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நான்கு வாரத்து லாக்கை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓடும் வேலையின் சாவியைச் செத்தது என்று அறிவிக்க முடியாது.

உரியவர் தெரியாத சாவிகளுக்கு என்ன செய்வது? நான் செய்வது இது: உடனே அழிக்காமல், எங்கிருந்து வருகிறதோ அந்த ஐபிக்கு மட்டும் அந்த வரியைக் கட்டிப்போட்டு, பெயர் இல்லாதவை என்ற தனிப் பட்டியலில் ஒரு கெடுவோடு வைப்பேன். கெடு முடிந்தால் எடுத்துவிடுவேன். இதுவரை கெடு முடியுமுன் ஓடிவந்தவர்கள் எல்லோருமே பேக்கப் பார்த்துக்கொள்பவர்கள்தான்.

இரண்டாம் படி: உண்மை ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்

இனி சர்வரில் இருக்கும் கோப்பு ஒரு விளைவு மட்டுமே. மூலம் கிட் களஞ்சியம். சர்வரில் கையால் எதையாவது சேர்த்தால் அடுத்த ஓட்டத்தில் அது காணாமல்போகும், போக வேண்டும். குழுவில் எல்லோரும் இதை ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கடினமான பாதி.

களஞ்சியத்தை மூன்று வகைத் தகவலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது ஆட்கள்: ஒவ்வொருவருக்கும் ஒரு யாமல் கோப்பு, அதில் பயனர் பெயர், பொதுச் சாவிகள், நிலை, தற்காலிகப் பணியாளர் என்றால் முடிவுத் தேதி. இரண்டாவது குழுக்கள்: யார் யார் டேட்டாபேஸ் குழு, யார் யார் வெப் குழு. மூன்றாவது எந்தச் சர்வர்த் தொகுப்புக்குள் எந்தக் குழு நுழையலாம் என்பது. ஆளை நேரடியாகச் சர்வரோடு முடிச்சுப் போடாதீர்கள். ‘இவருக்கு மட்டும் இந்த ஒரு சர்வர்’ என்று தொடங்கும் விதிவிலக்குகள் ஒரு வருடத்தில் புதராகிவிடும்.

வேலையை விட்டுப் போகிறவரின் கோப்பை அழிக்காதீர்கள். நிலையை ‘இல்லை’ என்று மாற்றுங்கள். கோப்பே காணாமல்போனால், இந்தக் கணக்கு சர்வர்களில் இருக்கக் கூடாது என்று சொல்ல ஆன்சிபிளிடம் ஆதாரம் இருக்காது. அது தெரியாத கணக்கைத் தொடாது. ‘இன்னார், நிலை: இல்லை’ என்று எழுதியிருந்தால்தான் போய்த் தேடி எடுக்கும். பலர் சறுக்கும் இடம் இது. களஞ்சியத்திலிருந்து நீக்கியாயிற்று, ஆகவே சர்வரிலும் போயிருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மெயின் கிளையில் நேரடியாக யாரும் எழுதக் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் புல் ரிக்வெஸ்டாக வந்து இன்னொருவர் பார்த்த பிறகே சேர வேண்டும். யோசித்துப் பாருங்கள், இந்தக் களஞ்சியத்தில் எழுத முடிகிறவர் எல்லாச் சர்வர்களுக்கும் ரூட் மாதிரி.

பொதுச் சாவிகளை கிட்ஹப்பிலிருந்து நேராக எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பயனர் பெயருக்குப் பின்னால் ‘.கீஸ்’ சேர்த்தால் சாவிகள் வந்துவிடும், ஆன்சிபிள் அந்த முகவரியையே ஏற்றுக்கொள்ளும். வசதிதான். ஆனால் ஒருவருடைய கிட்ஹப் கணக்கு பறிபோனால் உங்கள் சர்வரும் சேர்ந்தே போகும், அதுவும் யாரும் பார்த்து ஒப்புதல் தராமலே. ஆரம்பத்தில் சாவிகளைத் திரட்ட மட்டும் அந்த வழியைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் படி: சாவி வாங்கும் ஒழுங்கு

விதி ஒன்றே ஒன்று: தனிச் சாவி உருவான இயந்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. ‘நானே உருவாக்கி மெயிலில் அனுப்புகிறேன்’ என்று நிர்வாகி சொல்வது அன்பாகத் தெரியலாம், செய்யாதீர்கள். வகை எட்25519 ஆக இருக்கட்டும். 2014-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5 முதல் இது இருக்கிறது. 2023-இல் வந்த 9.5 முதல் எஸ்எஸ்எச்-கீஜென் வகை சொல்லாவிட்டால் இதையே உருவாக்குகிறது. சாவி ஒரே ஒரு குட்டி வரியில் அடங்குவதால் புல் ரிக்வெஸ்டில் கண்ணால் பார்க்கவும் எளிது. பாஸ்ஃபிரேஸ் கட்டாயம். யூபிகீ போன்ற வன்பொருள் சாவி இருந்தால் இன்னும் நல்லது, 8.2 முதல் அந்த வகைக்கும் ஆதரவு உண்டு, தொடாமல் கையெழுத்துப் போடாது.

ஒருவருக்கு ஒரு சாவி என்றில்லாமல் ஒரு சாதனத்துக்கு ஒரு சாவி என்று வையுங்கள். மடிக்கணினி தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் எடுத்தால் போதும்.

களஞ்சியத்துக்குள் வரும் சாவிகளைச் சிஐயில் (களஞ்சியத்தில் மாற்றம் வந்ததும் தானாக ஓடும் அமைப்பு) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் சோதிக்கட்டும். எஸ்எஸ்எச்-கீஜென் அதைப் படிக்க முடிகிறதா, வகை அனுமதித்ததா, ஒரே ஃபிங்கர்பிரிண்ட் இரண்டு ஆட்களிடம் இருக்கிறதா? கடைசிச் சோதனை அபத்தமாகத் தோன்றும். முதல் நாளே ஒன்றைப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன். சாவியைக் ‘கடன்’ வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நான்காம் படி: பிளேபுக்

பிளேபுக் என்பது ஆன்சிபிளுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல். சாவி வேலைக்கு அதில் ஆத்தரைஸ்டு-கீ என்ற மாட்யூல் உண்டு, ஆன்சிபிள்.போசிக்ஸ் தொகுப்பில் இருக்கிறது. பயனர், சாவி, நிலை என்று மூன்று விவரம் கொடுத்தால் வரியைச் சேர்க்கும். ஆனால் சேர்ப்பது நம் பிரச்சினையே இல்லை என்று முதலிலேயே சொன்னேன். நமக்கு வேண்டியது எக்ஸ்க்ளூசிவ் என்ற விருப்பம். அதை ஆம் என்று வைத்தால், நாம் கொடுத்த சாவிகளைத் தவிர மற்ற எல்லா வரிகளையும் அழித்துவிடும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். வழக்கமான பழக்கத்தில் சாவிகளை லூப்பில் போட்டு, எக்ஸ்க்ளூசிவ்வையும் ஆம் என்று வைத்தால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் போட்ட சாவியை ‘வேண்டாதது’ என்று அழித்துவிடும். கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு சாவி, பட்டியலில் கடைசியாக இருந்தவருடையது. அன்று அந்த அதிர்ஷ்டசாலி நான் இல்லை. மருந்து எளிது: ஒரு பயனருக்கான எல்லாச் சாவிகளையும் ஜாயின் ஃபில்டரால் புது வரிக் குறியோடு ஒரே சரமாகச் சேர்த்து ஒரே தடவையில் கொடுங்கள். லூப் ஆட்களின் மீது ஓடலாம், சாவிகளின் மீது ஓடக் கூடாது.

அடுத்த முடிவு, கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பது. ஹோமிலேயே விட்டால், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் பயனர் தானே ஒரு சாவியைச் சேர்த்துக்கொள்ளலாம். என் பரிந்துரை: ஈடிசிக்குள் இருக்கும் எஸ்எஸ்எச் கோப்புறையின் கீழ் ஆத்தரைஸ்டு-கீஸ் என்ற தனிக் கோப்புறை, அதில் பயனர் பெயரில் ஒவ்வொரு கோப்பு, எல்லாம் ரூட்டுக்குச் சொந்தம். எஸ்எஸ்எச்டி உள்ளமைவில் ஆத்தரைஸ்டு-கீஸ்-ஃபைல் வரியில் அந்தப் பாதையைக் கொடுத்து, பயனர் பெயருக்குப் பதில் சதவீதக் குறியும் சின்ன யு எழுத்தும் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் ஹோமில் கிடக்கும் பழைய கோப்புகள், அந்த 2 சேர்ந்தது உட்பட, எல்லாமே செல்லாமல்போய்விடும்.

அனுமதிகளில் கவனம் தேவை. ஹோமில் இருந்தால் கோப்புறைக்கு 700, கோப்புக்கு 600 என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதே 600-ஐ ரூட்டுக்குச் சொந்தமான கோப்பில் போட்டால் லாகின் நடக்காது. எஸ்எஸ்எச்டி அந்தக் கோப்பைப் பயனரின் அடையாளத்தில்தான் திறக்கிறது. அவரால் படிக்க முடியாததை அதனாலும் படிக்க முடியாது. கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 வையுங்கள். பொதுச் சாவிதானே, மற்றவர்கள் படிப்பதால் ஒன்றும் போகாது. எழுத மட்டும் ரூட்டைத் தவிர யாருக்கும் அனுமதி கூடாது. இந்தப் பாதைக்கு ஆத்தரைஸ்டு-கீ மாட்யூலையே பயன்படுத்தினால் மேனேஜ்-டிர் விருப்பத்தை இல்லை என்று வையுங்கள். இல்லையென்றால் கோப்புறையின் உரிமையை அது மாற்றி உங்களை வெளியே தள்ளிவிடும். எனக்கு இந்த இடத்தில் சாதாரண டெம்ப்ளேட் மாட்யூல்தான் பிடிக்கும். கோப்பு முழுவதையும் அதுவே எழுதுவதால் எக்ஸ்க்ளூசிவ் தானாகவே அமைந்துவிடுகிறது. எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) இயங்கும் சர்வர்களில் புதுக் கோப்புறைக்குச் சரியான லேபிளும் வேண்டும்; அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் லாகின் மறுக்கப்பட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

ஐந்தாம் படி: வெளியே பூட்டிக்கொள்ளாமல் ஓட்டுவது

பிளேபுக்கின் முதல் வேலையாக ஓர் அசெர்ட் வையுங்கள்: இந்தச் சர்வருக்கான சாவிப் பட்டியல் காலியா? நிர்வாகக் குழுவில் இரண்டு பேராவது இருக்கிறார்களா? ஆன்சிபிள் தான் நுழையப் பயன்படுத்தும் சாவி பட்டியலில் இருக்கிறதா? ஒன்று இல்லையென்றாலும் அங்கேயே நிற்க வேண்டும். ஒரு மாறியின் பெயரில் எழுத்துப்பிழை வந்து பட்டியல் காலியானால், தானியக்கம் அந்தக் காலியை எல்லாச் சர்வர்களிலும் விசுவாசமாக எழுதிவிட்டு வரும்.

பிறகு செக், டிஃப் விருப்பங்களோடு ஓட்டி, என்ன மாறப்போகிறது என்று படியுங்கள். முதல் முறை அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும். சலிக்காமல் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். முதல் படியில் தவறவிட்டது இங்கே தெரியும். திருப்தியானதும் சீரியல் விருப்பத்தில் முதலில் 1 சர்வர், அப்புறம் சில, அப்புறம் மிச்சம் என்று படிப்படியாகப் போகச் சொல்லுங்கள். ஒன்றில் தோற்றால் மொத்தமும் நிற்கட்டும்.

உள்ளமைவுக் கோப்பை மாற்றும்போது டெம்ப்ளேட்டின் வேலிடேட் விருப்பத்தில் எஸ்எஸ்எச்டியின் சின்ன டி (அதே ‘டெஸ்ட்’ எழுத்து) சோதனையைச் சேருங்கள். பிழையுள்ள கோப்பு இடத்துக்கே போகாது. சேவையை மறுதொடக்கம் செய்யாமல் ரீலோட் மட்டும் செய்யுங்கள். சேவையின் பெயர் டெபியன், உபுண்டுவில் எஸ்எஸ்எச். ரெட் ஹாட் குடும்பத்தில் எஸ்எஸ்எச்டி. சின்ன விஷயம்தான், கலப்புத் தொகுப்பில் அரை மணி நேரம் தின்னும்.

பாஸ்வேர்டு லாகினை நிறுத்தும்போது இன்னொரு வேடிக்கை. எஸ்எஸ்எச்டி ஒரு விருப்பத்துக்கு முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவது செல்லாது. உபுண்டு போன்றவற்றில் உள்ளமைவின் தலையிலேயே துணைக் கோப்புறையைச் சேர்த்துக்கொள்ளும் வரி இருக்கிறது. அங்கே கிளவுட்-இனிட் (புதுச் சர்வரை முதல்முறை அமைக்கும் நிரல்) 50 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பை விட்டுப் போயிருக்கலாம், அதில் பாஸ்வேர்டுக்கு ஆம் என்று இருக்கலாம். நீங்கள் முதன்மைக் கோப்பில் எத்தனை தடவை இல்லை என்று எழுதினாலும் அதுதான் வெல்லும். உங்கள் கோப்பை 00 என்று தொடங்கும் பெயரில் அதே கோப்புறையில் போடுங்கள். பிறகு கேபிடல் டி சோதனையில் இறுதி மதிப்பைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து, ‘இப்போதும் நுழைய முடிகிறதா’ என்று பிளேபுக்கே சோதிக்க வேண்டும். இதில் ஒரு பொய் நிம்மதி ஒளிந்திருக்கிறது. ஆன்சிபிள் ஒருமுறை திறந்த இணைப்பை இயல்பாக 60 விநாடி திறந்தே வைத்து மறுபடி பயன்படுத்தும். அதனால் சாவியை உடைத்துவிட்ட பிறகும் அடுத்த டாஸ்க் ஜம்மென்று ஓடும். மெட்டா டாஸ்க்கில் இணைப்பை ரீசெட் செய்துவிட்டு, அதன் பின் வெயிட்-ஃபார்-கனெக்‌ஷன் ஓட்டினால்தான் சோதனைக்கு அர்த்தம் உண்டு. முதல் சில தடவை, நீங்களும் இன்னொரு டெர்மினலில் ஒரு லாகினைத் திறந்தே வைத்திருங்கள். ஹோஸ்டிங் நிறுவனம் தரும் கன்சோல் வழியும் வேலை செய்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: யார் ஓட்டுவது?

மெயின் கிளையில் மாற்றம் சேர்ந்ததும் சிஐ ஓட்டலாம். கூடவே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எதுவும் மாறாவிட்டாலும் ஓடட்டும். கையால் செய்த மாற்றங்களைத் துடைப்பதும், முடிவுத் தேதி வந்தவர்களை எடுப்பதும் இந்த இரண்டாவது ஓட்டத்தின் வேலை. அணைந்து கிடந்து நேற்று எழுந்த சர்வரையும் இதுதான் சரி செய்யும். ஓட்டம் தோற்றால் யாருக்காவது செய்தி போகிறதா என்று உறுதி செய்யுங்கள். தொடர்பு கொள்ள முடியாத சர்வரைத் ‘தாண்டிப் போனது’ வெற்றி ஆகாது.

இப்போது சிஐ வைத்திருக்கும் சாவிதான் உங்கள் தொகுப்பிலேயே விலை உயர்ந்தது. அதைப் பொதுவான சிஐ இயந்திரங்களில் வைக்காமல் தனி ரன்னரில் வையுங்கள். சர்வரில் அதன் வரியின் முன்னால் ஃப்ரம் விருப்பம் சேர்த்து அந்த ஒரு ஐபியிலிருந்து மட்டும் வரலாம் என்று கட்டுங்கள். அதையும் தாங்க முடியாது என்று நினைப்பவர்கள் ஆன்சிபிள்-புல் பக்கம் போகலாம்: சர்வர்களே களஞ்சியத்தை இழுத்துத் தங்களுக்குத் தாங்களே பூசிக்கொள்ளும், மையச் சாவியே வேண்டாம். பதிலுக்கு, எந்தச் சர்வர் இழுக்க மறந்தது என்று கண்காணிக்கும் வேலை உங்கள் தலையில்.

ஏழாம் படி: எடுப்பது

வரி போய்விட்டது. ஆள் போய்விட்டாரா? இல்லை. சாவி, நுழையும்போது மட்டும்தான் சோதிக்கப்படுகிறது. உள்ளே இருப்பவரின் இணைப்பு அப்படியே நீடிக்கும், டிமக்ஸில் (இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் நிரல்) விட்டுப் போனது ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நிலை ‘இல்லை’ என்றால் பிளேபுக் இந்த வரிசையில் போக வேண்டும்: முதலில் சாவிக் கோப்பை நீக்கு; அடுத்து கணக்கைக் காலாவதியாக்கு; பிறகு லாகின்-சிடிஎல் மூலம் அந்தப் பயனரின் எல்லா அமர்வுகளையும் முடி, மிஞ்சிய செயல்களைக் கொல்; கடைசியாக அவர் பெயரில் இருக்கும் கிரான் வேலைகளையும் சூடோ விதிகளையும் எடு. வரிசை மாறினால், அமர்வைக் கொன்றதற்கும் சாவியை எடுப்பதற்கும் நடுவில் மறுபடி நுழைந்துவிடலாம்.

கணக்கைக் காலாவதியாக்கு என்று சொன்னதைக் கவனியுங்கள், பாஸ்வேர்டைப் பூட்டு என்று சொல்லவில்லை. பாஸ்வேர்டு கட்டளையின் பூட்டு, பாஸ்வேர்டை மட்டும்தான் பூட்டும். பாம் (லினக்ஸின் லாகின் சோதனை அடுக்கு) இயங்கும் வழக்கமான சர்வர்களில் சாவியோடு வருகிறவர் அதைக் கவனிக்கவே மாட்டார், நேராக உள்ளே போவார். யூசர்மாட் கட்டளையில் எக்ஸ்பயர்டேட்டை 1 என்று கொடுத்தால் 1970-ஆம் ஆண்டின் தேதி பதிந்து கணக்கே மூடப்படும். ஆன்சிபிளின் யூசர் மாட்யூலிலும் எக்ஸ்பயர்ஸ் என்று இதற்கு இடம் உண்டு. ஹோம் கோப்புறையை அன்றே அழிக்க வேண்டாம். அவருடைய ஸ்கிரிப்டை நம்பி என்ன ஓடுகிறது என்று ஒரு மாதத்தில் தெரியும்.

‘டெப்ளாய்’ என்ற ஒரே கணக்கில் பத்துப் பேர் நுழைகிற இடங்களில் இதில் பாதி செய்யவே முடியாது. அமர்வைக் கொன்றால் பத்துப் பேரும் விழுவார்கள். கணக்குகளைப் பிரியுங்கள். பிரிக்க முடியாவிட்டால் லாக்கின் ஃபிங்கர்பிரிண்டாவது யார் என்று சொல்லும்.

கசிந்த சாவி என்றால் இன்னொரு ஆயுதமும் உண்டு. எஸ்எஸ்எச்டியில் ரிவோக்டு-கீஸ் என்று ஒரு கோப்பைக் குறிப்பிடலாம்; அதில் உள்ள சாவி வேறு எந்தக் கோப்பில் இருந்தாலும் செல்லாது. ஆனால் அந்தக் கோப்பு படிக்க முடியாமல்போனால் எல்லோருடைய சாவி லாகினும் மறுக்கப்படும். எனவே கோப்பை முதலில் அனுப்பி, அது இருப்பதை உறுதி செய்த பிறகே உள்ளமைவில் வரியைச் சேருங்கள்.

ஒரே நாளில் எல்லாச் சாவிகளையும் மாற்றும் நிலை வருமா என்றால், வந்திருக்கிறது. 2006 முதல் 2008 மே வரை டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ரேண்டம் எண் உருவாக்கம் பழுதாகியிருந்தது. அந்த நாட்களில் உருவான ஒரே வகை, ஒரே அளவுச் சாவிகளுக்கு மொத்தம் 32,767 சாத்தியங்கள்தான். முழுவதையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். அன்று தங்கள் சாவிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தெரியாதவர்கள் சர்வர் சர்வராக ஏறி இறங்க வேண்டியிருந்தது.

எட்டாம் படி: இயந்திரங்களின் சாவிகள்

பேக்கப், கண்காணிப்பு, கோப்புப் பரிமாற்றம் இவற்றின் சாவிகளுக்குப் பாஸ்ஃபிரேஸ் இருக்காது. ஆகவே அவற்றைக் குறுக்கி வைக்க வேண்டும். வரியின் முன்னால் ரெஸ்ட்ரிக்ட் என்று எழுதினால் போர்ட் ஃபார்வர்டிங், ஏஜென்ட் ஃபார்வர்டிங், டெர்மினல் எல்லாம் ஒரே சொல்லில் போய்விடும். கூடவே கமாண்ட் விருப்பத்தில் ஒரே ஒரு கட்டளை. எதிர்ப்பக்கம் என்ன கேட்டாலும் அதுதான் ஓடும். ஆர்சிங்க் பேக்கப்பாக இருந்தால் அதனுடனேயே வரும் ஆர்ஆர்சிங்க் ஸ்கிரிப்டை அங்கே வைத்து, ஒரு கோப்புறைக்கு மட்டும், படிக்க மட்டும் என்று கட்டலாம். களஞ்சியத்தில் இவற்றுக்கும் ஆட்கள் போலவே கோப்பும் பொறுப்பாளர் பெயரும் வேண்டும். பொறுப்பாளர் போனால் யார் பெயருக்கு மாற்றுவது என்று சிஐ கேட்கட்டும்.

சர்வர்கள் தங்களை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் சாவிகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: ஆன்சிபிளின் ஹோஸ்ட்-கீ சோதனையை எரிச்சலில் அணைத்துவிடாதீர்கள். சர்வர் உருவாகும்போதே அதன் பொதுச் சாவியை எடுத்து, நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பாக இதே களஞ்சியத்தில் வையுங்கள்.

சர்வர்கள் பெருகும்போது

கோப்பு நகலெடுக்கும் முறை நூறு இருநூறு சர்வர்கள் வரை அலுங்காமல் ஓடும். அதற்கு மேல், அல்லது சர்வர்கள் மணிக்கணக்கில் பிறந்து மறையும் சூழலில், இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஆத்தரைஸ்டு-கீஸ்-கமாண்ட். லாகின் வரும்போது எஸ்எஸ்எச்டி ஒரு நிரலை ஓட்டி, ‘இவருக்கு எந்தச் சாவிகள்?’ என்று கேட்கும். எல்டாப், ஃப்ரீஐபிஏ (மையப் பயனர் பட்டியல் சேவைகள்) வைத்திருப்பவர்கள் எஸ்எஸ்எஸ்டியோடு (அவற்றைச் சர்வரோடு இணைக்கும் சேவை) வரும் நிரலை அப்படியே இங்கே வைக்கலாம். நிரல் ரூட்டுக்குச் சொந்தமாகவும் மற்றவர் எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும். எந்தப் பயனராக ஓட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மையச் சேவை விழுந்தால் லாகினும் விழும் என்பதால், நிர்வாகி ஒருவரின் சாவியாவது உள்ளூர்க் கோப்பில் இருக்கட்டும்.

இன்னொன்று, எனக்கு அதிகம் பிடித்தது, சான்றிதழ். 2010-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 5.4 முதலே இது இருக்கிறது, ஏனோ பலர் தொடுவதில்லை. சர்வரில் ட்ரஸ்டட்-யூசர்-சிஏ-கீஸ் என்ற வரியில் ஒரே ஒரு சிஏ (சான்றிதழ்களில் கையெழுத்திடும் அமைப்பு) பொதுச் சாவி. அந்த சிஏ கையெழுத்திட்ட எந்தச் சான்றிதழையும் சர்வர் நம்பும். பயனர் காலையில் நிறுவனக் கணக்கில் நுழைந்து 8 மணி நேரச் சான்றிதழ் வாங்கிக்கொள்வார். மாலையில் அது தானாகச் செத்துவிடும். வேலையை விட்டவருக்கு நாளைக் காலை சான்றிதழ் கிடைக்காது. சர்வர்களைத் தொடவே வேண்டாம். எடுப்பதையே தேவையில்லாமல் ஆக்குகிற வழி இது. இன்றைய சான்றிதழை இப்போதே செல்லாததாக்க வேண்டுமென்றால் ரிவோக்டு-கீஸ் இருக்கிறது.

கையெழுத்திட எஸ்எஸ்எச்-கீஜென்னே போதும்: சிஏ சாவிக்குச் சின்ன எஸ், லாக்கில் தெரியவேண்டிய அடையாளத்துக்கு கேபிடல் ஐ, அனுமதித்த கணக்குகளுக்குச் சின்ன என், காலத்துக்கு கேபிடல் வி. சின்ன என்னை விட்டுவிட்டால் சர்வர் அந்தச் சான்றிதழை ஏற்காது. காலம் சொல்லும்போது தொடக்கத்தை ஐந்து நிமிடம் முன்னால் வையுங்கள். கடிகாரம் சற்றுப் பின்தங்கிய சர்வர், புதுச் சான்றிதழை ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று திருப்பி அனுப்பும். தினசரிப் பயன்பாட்டுக்கு இதைக் கையால் செய்ய முடியாது. ஹாஷிகார்ப் வால்ட்டின் எஸ்எஸ்எச் எஞ்சின், ஸ்மால்ஸ்டெப்பின் ஸ்டெப்-சிஏ, டெலிபோர்ட் ஆகியவை அதற்காகவே இருக்கின்றன. சிஏவின் தனிச் சாவி எந்த மடிக்கணினியிலும் இருக்கக் கூடாது. சர்வர் பத்துக்குள் என்றால் இதற்கெல்லாம் போகாதீர்கள். பிளேபுக்கே போதும்.

ஒத்திகை

எல்லாம் அமைத்த பிறகு ‘ஒத்திகை’ என்ற பெயரில் ஒரு பயனரைக் களஞ்சியத்தில் சேருங்கள், எல்லாச் சர்வர்களுக்கும் அனுமதியோடு. அந்தச் சாவியோடு இரண்டு மூன்று சர்வர்களில் நுழைந்து, ஒன்றில் டிமக்ஸில் ஏதாவது ஓடவிட்டு, ஒன்றில் ஹோமுக்குள் கையால் ஒரு ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்பையும் வையுங்கள். இப்போது நிலையை ‘இல்லை’ என்று மாற்றி, புல் ரிக்வெஸ்ட் சேர்ந்த நிமிடத்தைக் குறியுங்கள். ஒரு ஸ்கிரிப்ட் அந்தச் சாவியோடு எல்லாச் சர்வர்களிலும் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கட்டும். கடைசிச் சர்வரும் மறுத்த நிமிடத்தையும் குறியுங்கள். டிமக்ஸ் செத்ததா, கையால் வைத்த கோப்பு பலிக்கவில்லையா என்றும் பாருங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் ஒரு சர்வர் கடைசி வரை கதவைத் திறந்துகொண்டே இருந்தது. இன்வென்டரியில் (ஆன்சிபிளின் சர்வர் பட்டியலில்) அதன் பெயரே இல்லை.